வானத்திலிருந்து பணம் விழும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள்

2013 டிசம்பரில் மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு பேய்க்குத் திருவிழா நடந்தது. இடம், டாங்கா பே பக்கம் பாழடைந்து கிடந்த வில்லா நபிலா பங்களா. நண்பர்களோடு அங்கே போன பதினாறு வயதுப் பையன் ஒருவனைக் காணோம் என்றார்கள். பேய் தூக்கிப் போய்விட்டது என்று பேஸ்புக் தீர்ப்பு எழுதியது. மேல்முறையீட்டுக்கு வழியில்லை. குடும்பம் குடும்பமாகக் கார் ஏறி வந்தார்கள். போலீஸ் வந்து கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. சில நாளில் பையன் முழுசாகக் கிடைத்தான். பேயிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த வீட்டுக்கு ஒரு கதை உண்டு. பணக்காரக் குடும்பம், நபிலா என்று ஒரு பெண், சொத்துக்காகக் கொலை, சுவருக்குள் பிணம். எந்த ஆண்டு? எந்தப் போலீஸ் நிலையம்? எந்த நீதிமன்றம்? கேட்டுப் பாருங்கள். "எங்க மாமா சொன்னாரு" என்பதோடு சாட்சியம் முடிந்துவிடும். 2015-ல் அதை வைத்து ஒரு சினிமாவும் வந்தது. நடக்காத கொலைக்கு டிக்கெட் வாங்கியவர்கள் நாங்கள். ஜொகூர்க்காரர்களுக்கு இந்தப் பெருமை போதும்.

அதே 2013-ல், அந்தக் கூட்டம் கூடுவதற்குச் சில மாதம் முன்பு, நாட்டில் நிஜமாகவே ஓர் அமானுஷ்யம் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க ஒருவரும் கார் ஏறவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ரவூப்புக்குப் போவோம்.

பகாங் மாநிலம், ரவூப் மாவட்டம், உலு டோங். கொலை நடந்ததாக நீதிமன்றமே உறுதிசெய்த இடம். வில்லா நபிலாவைப் போல அனாமத்துக் கதை இங்கே கிடையாது. பெயர், தேதி, கோடாலி எல்லாம் ஆவணத்தில் இருக்கின்றன. 1993 ஜூலை 2. பத்து தாலாம் சட்டமன்ற உறுப்பினர், அம்னோ கட்சிக்காரர், டத்தோ மஸ்லான் இட்ரிஸ் காணாமல் போனார். ஜூலை 22-ல் கிடைத்தார், 18 துண்டுகளாக. குழி தோண்டிப் புதைத்து மேலே சிமெண்ட் பூசியிருந்தார்கள்.

கொன்றவர்கள் மூவர். மஸ்னா இஸ்மாயில் என்கிற மோனா ஃபென்டி, அவர் கணவர் அஃபாண்டி, உதவியாள் ஜுராய்மி. மோனா ஒரு காலத்தில் பாடகி. 1987-ல் சொந்தக் காசில் ஒரு இசைத்தட்டு போட்டார். அது விற்கவில்லை. போமோ என்னும் மாந்திரீகத் தொழிலுக்கு மாறினார். அது விற்றது. பாட்டுக்குக் காசு கொடுக்காத தேசம் தாயத்துக்குக் கொட்டிக் கொடுத்தது. நம் கலை ரசனைக்கு இதைவிட வேறு நற்சான்று வேண்டியதில்லை.

டத்தோ ஏன் அங்கே போனார்? வயிற்றுவலிக்கு மருந்து கேட்டுப் போகவில்லை. பதவி ஏணியில் அடுத்த படி வேண்டும். அதற்கு ஒரு கைத்தடியும் ஒரு சோங்கோக் தொப்பியும் தருவதாகச் சொன்னார்கள். இரண்டும் இந்தோனேசிய அதிபர் சுகார்னோ வைத்திருந்தவையாம். கையில் இருந்தால் எவராலும் அசைக்க முடியாதாம். விலை 25 லட்சம் வெள்ளி. முன்பணம் 5 லட்சம். மீதிக்குப் பிணையாகப் பத்து நிலப் பட்டாக்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். சுகார்னோ 1967-ல் பதவியைப் பறிகொடுத்தார். 1970-ல் வீட்டுக் காவலிலேயே செத்தார். சொந்தக்காரரையே காப்பாற்றாத தடிக்கு 25 லட்சம். வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டியிருந்தால் அந்த மனிதர் இன்னும் உயிரோடு இருந்திருப்பார். சட்டமன்றத்துக்குப் போகப் படிப்பு கட்டாயமில்லை என்பது சரி. வாசிப்புமா வேண்டாம்?

பூசை நடந்த இரவு விவரம் விசாரணையில் வந்தது. பூ மிதக்கும் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். வானத்திலிருந்து பணம் விழும், காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தார். ஒரு மாநிலத்துக்குச் சட்டம் இயற்றுகிற மனிதர், ஈரத் தலையோடு தரையில் கிடந்து, பணம் விழும் என்று காத்திருந்தார். விழுந்தது கோடாலி.

செத்தவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அவர் கொலையுண்டவர். அவருக்குக் குடும்பம் உண்டு. கொன்றவர்கள் அவர் பணத்தை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனார்கள். மெர்சிடிஸ் வாங்கினார்கள். மோனா முகத்துக்கு அழகு சிகிச்சை செய்துகொண்டார். அந்தக் கொடுமைக்குத் தண்டனை கிடைத்தது. 1995-ல் தெமர்லோ உயர் நீதிமன்றத்தில் ஏழு பேர் ஜூரி குற்றவாளிகள் என்றது. நாட்டில் ஜூரி முறையையே அந்த ஆண்டு மூட்டை கட்டிவிட்டார்கள். கடைசியாக நடந்த ஜூரி வழக்குகளில் அது ஒன்று. 1999-ல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. 2001 நவம்பர் 2, காஜாங் சிறை. மூவரும் தூக்கில்.

சட்டம் தன் வேலையை முடித்தது. நாம்தான் ஆரம்பித்தோம்.

மோனா நீதிமன்றத்துக்கு எந்த நிறத்தில் உடுத்தி வந்தார், கேமராவைப் பார்த்து எப்படிச் சிரித்தார், தனக்கு ரசிகர்கள் அதிகம் என்று எப்படிப் பெருமைப்பட்டார், எல்லாம் நமக்கு மனப்பாடம். சாவதற்கு முன் "நான் சாக மாட்டேன்" என்றாராம். அதுவும் மனப்பாடம். பாட்டுக்குக் கிடைக்காத ரசிகர் கூட்டம் கொலைக்குக் கிடைத்தது. 'டுகுன்' என்று ஒரு படம் எடுத்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் பெட்டியில் கிடந்து 2018-ல் வெளிவந்தது. அரங்கு நிறைந்தது. உலு டோங் வீட்டைத் தேடி ராத்திரியில் கேமராவும் டார்ச் லைட்டுமாகக் கிளம்பும் வீரர்களுக்கு இன்றும் குறைவில்லை. "இங்க ஏதோ சத்தம் கேட்குது நண்பர்களே, லைக் போடுங்க." எலியாக இருக்கும் தம்பி.

இத்தனை ஆரவாரத்தில் ஒரு கேள்வி மட்டும் ஓரமாக நிற்கிறது. கொலையாளிகள் மூன்று பேர் தூக்கில் தொங்கினார்கள். வாடிக்கையாளர்கள் எங்கே?

மோனாவிடம் போனவர்களில் பெரிய இடத்து ஆட்கள் உண்டு, அரசியல்வாதிகள் உண்டு என்று பத்திரிகைகள் அப்போதே எழுதின. மஸ்லான் இட்ரிஸ் ஒருவர்தான் ஊரில் பதவி ஆசை பிடித்தவரா? அவர் ஒருவருக்குத்தான் அந்த வீட்டு விலாசம் தெரிந்ததா? கடை நடத்தியவரைத் தூக்கில் போட்டாயிற்று. கடைக்கு வந்து போனவர்கள் சத்தமில்லாமல் கூட்டம் கூட்டினார்கள், பதவி ஏற்றார்கள், டத்தோ ஆனார்கள், ஓய்வூதியம் வாங்குகிறார்கள்.

இன்னொரு கேள்வி. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு 25 லட்சம் வெள்ளி பேரம் பேசும் வசதி எப்படி வரும்? பணம் கெட்ட வழியில் வந்தது என்று நான் சொல்லவில்லை. கேட்கும் பழக்கமே நமக்கு இல்லை என்கிறேன். மோனா வாங்கிய காரின் பெயர் ஊருக்கே தெரியும். அந்தப் பத்துப் பட்டாவும் எந்த நிலத்துக்கு என்று கோப்பிக் கடையில் கேட்டுப் பாருங்கள். தே தாரிக் ஆறிவிடும்.

தமிழர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். நமக்கும் ஒன்று இருக்கிறது. 1944 நவம்பர் 8, சென்னை வேப்பேரி. ரிக்‌ஷாவில் போன லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் செத்தார். 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தி, சினிமாக்காரர்களின் படுக்கையறையைக் காசுக்கு விற்றவர் அவர். சினிமா நட்சத்திரங்களான எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அங்கேயும் ஜூரி. ஆயுள் தண்டனை. ப்ரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் விடுதலை. மூன்று தீபாவளி பார்த்த 'ஹரிதாஸ்' படத்தின் நாயகன் பாகவதர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அந்தப் பழைய சிம்மாசனம் இல்லை. கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது.

அங்கேயும் அதே கணக்குத்தான். எழுதியவன் பிணமானான். எழுதப்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். காசு கொடுத்து வாங்கி, தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்த ஆயிரமாயிரம் கனவான்கள் மறுநாள் காலையில் வேறு பத்திரிகை வாங்கினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியில் படிக்கிறார்கள். எந்த வழக்கிலும் வாடிக்கையாளர் கூண்டில் ஏறியதில்லை.

சரி, அந்த 2013 அமானுஷ்யத்துக்கு வருவோம்.

அந்த ஆண்டு மே 5-ல் பொதுத்தேர்தல். அதற்குச் சற்று முன்பு, மார்ச், ஏப்ரல் வாக்கில், பிரதமர் நஜிப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்கில் 260 கோடி வெள்ளி வந்து விழுந்தது. ஒரு நாள் விழித்துப் பார்த்தால் கணக்கில் 260 கோடி. 2015 ஜூலையில் அமெரிக்கப் பத்திரிகை எழுதித்தான் நமக்கே தெரிந்தது. எங்கிருந்து வந்தது? அரபு நாட்டு அரச குடும்பத்தின் நன்கொடை என்றார்கள். 2016 ஜனவரியில் சட்டத்துறைத் தலைவர் மேடை போட்டு, சவூதி அன்பளிப்புதான், குற்றம் ஒன்றும் இல்லை, கோப்பை மூடுகிறேன் என்றார்.

நஜிப் எந்த மாநிலம்? பகாங். பெக்கான் தொகுதி. 1982 முதல் 1986 வரை அந்த மாநிலத்துக்கே மந்திரி பெசார். உலு டோங்கும் அதே பகாங்தான். அங்கே ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் படுக்க வைத்து, கண்ணை மூடு, வானத்திலிருந்து பணம் விழும் என்று மோனா சொன்னது 1993-ல். இருபது வருடத்தில் விழுந்தேவிட்டது. விலாசம்தான் மாறியிருந்தது.

இந்த முறை தரையில் படுத்தவர்கள் நாம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மூடிக்கொண்டோம். பிரதமர் கணக்கில் பணம் விழுந்து எட்டு மாதம் கழித்து, ஜொகூர் பாருவில் கூட்டம் கூட்டமாகப் போய் இல்லாத பேயைத் தேடினோம். பேய் வங்கியில் இருந்தது. பிறகுதான் நஜிப் மேல் வழக்குகள் வந்தன. எஸ்.ஆர்.சி. என்ற அரசு நிறுவனத்தின் பணம் பற்றிய வழக்கில் 2020 ஜூலையில் தீர்ப்பு. 12 ஆண்டு சிறை, 21 கோடி வெள்ளி அபராதம். 2022 ஆகஸ்ட் 23-ல் உள்ளே போனார். 2024-ல் மன்னிப்பு வாரியம் தண்டனையைப் பாதியாக்கி அபராதத்தை 5 கோடியாகக் குறைத்தது. கோழி திருடியவனுக்கு எந்த வாரியமும் கூடுவதில்லை.

மறுபடி போமோக்களுக்கு வருவோம். 2014 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். எம்.எச். 370 விமானம் 239 பேரோடு காணாமல் போயிருந்தது. 26 நாடுகள் தேடிக்கொண்டிருந்தன. கே.எல். விமான நிலையத்துக்கு ராஜா போமோ என்று ஒருவர் வந்தார். கையில் இரண்டு தேங்காய், ஒரு மீன் கூடை, மூங்கிலில் செய்த தொலைநோக்கி. உலகத் தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்து தேடினார். உலகம் சிரித்தது. நம் பெரிய மனிதர்களுக்கு முகம் சிவந்தது. நாட்டுக்கே அவமானம் என்றார்கள். மூடநம்பிக்கை என்றார்கள். மார்க்கத்துக்கு விரோதம் என்றார்கள்.

அந்தத் தேங்காய்க்காரர் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. பகலில் செய்தார். கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காரில், இரவு பதினொரு மணிக்குமேல், பின்வாசல் வழியாகச் செய்திருந்தால் அவருக்கு மரியாதையான வாடிக்கை கிடைத்திருக்கும். அவரைத் திட்டிய கூட்டத்தில் எத்தனை பேர் இடுப்பில் தாயத்து இருந்தது என்று சோதிக்கும் இயந்திரம் விமான நிலையத்தில் இல்லை. திரவம் 100 மில்லிக்குமேல் போனால் மட்டும் பிடித்தார்கள்.

நம் பக்கமும் பார்த்துவிடலாம். வேட்புமனு நாளில் நம் கட்சிக்காரர் எந்தக் காலை முன்வைத்து இறங்க வேண்டும் என்று சொல்ல ஒரு சாமியார் வேண்டும். கார் டயருக்கு அடியில் நாலு எலுமிச்சை வேண்டும். மேடையில் பேசும்போது பெரியார், பாரதி, பகுத்தறிவு. இறங்கி வந்து முதலில் கேட்பது, ராகு காலம் முடிந்துவிட்டதா? வாக்காளர்கள் இவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. நெடுஞ்சாலையில் விபத்து நடக்கும். ரத்தம் காய்ந்திருக்காது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் செத்தவன் கார் நம்பர் மூன்று தாமானுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சாயங்காலம் நாலு நம்பர் லாட்டரிக் கடையில் வரிசை. அடித்தால் செத்தவன் நல்லவன்.

பிறகு கோயில் திருவிழா. மாண்புமிகு வருவார். ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு காசோலை வரும். அட்டையில் அச்சடித்தது. ஐயாயிரம் வெள்ளி என்று கொட்டை எழுத்து. பிடிக்க நாலு பேர், படம் எடுக்க ஆறு பேர். தலைவர் குனிவார், செயலாளர் அவரைவிடக் குனிவார். மாலை, பொன்னாடை, பன்னீர். பூசாரி சாமியை விட்டுவிட்டு இவருக்குக் கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. அது நம் வரிப்பணம். நம் பணத்தை நமக்கே கொடுப்பதற்கு நாம் நன்றி சொல்லி, கை தட்டி, சாப்பாடும் போட்டு அனுப்புகிறோம். அந்த அட்டையை எந்த வங்கியும் வாங்காது. விழா முடிந்ததும் கோயில் கூரை ஒழுகுகிற இடத்தில் முட்டுக் கொடுத்து வைப்பார்கள். அதற்கு மட்டும் உருப்படியாக உதவும்.

மாண்புமிகுவிடம் இருக்கிற பணம் எவ்வளவு, அதில் எது யார் கொடுத்தது? 2019 ஜூலை 1-ல் நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. எல்லா எம்.பி.க்களும் சொத்துக் கணக்கு காட்ட வேண்டும் என்று. உடனே எதிர்ப்பு. அந்தரங்கம் என்றார்கள், பாதுகாப்பு என்றார்கள், கொள்ளைக்காரன் வந்துவிடுவான் என்று பயந்தார்கள். கொள்ளைக்காரன் வெளியிலிருந்துதான் வருவான் என்று அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அரசியல் நன்கொடைக்குச் சட்டம் கொண்டுவருவோம் என்று ஒவ்வோர் அரசாங்கமும் சொல்கிறது. பதவிக்கு வரும்வரை அவசரம். வந்தபின் ஆய்வுக்குழு.

மோனா ஃபென்டியின் மரபு என்று ஆராய்ச்சி செய்பவர்கள் பேய், சினிமா, பெண் கொலையாளியின் மனவியல் என்று எதை எதையோ எழுதுகிறார்கள். எழுதட்டும். மரபு வேறு இடத்தில் இருக்கிறது. உழைத்துப் பதவிக்கு வர முடியாது, ஒரு தடி வேண்டும், ஒரு தொப்பி வேண்டும், ஒரு பை நிறையப் பணம் வேண்டும் என்று நம்புகிற அரசியல் இருக்கிறதே, அதுதான் அந்த வீட்டிலிருந்து உயிரோடு வெளியே வந்த ஒரே ஆள். அதற்குத் தூக்கும் இல்லை, ஜூரியும் இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாமே மாலை போட்டு உள்ளே அனுப்புகிறோம்.

பேய் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் போங்கள். பெட்ரோல் உங்களுடையது. ஆனால் அடுத்த தேர்தலில் வேட்பாளர் உங்கள் தாமானுக்கு வந்து கையைக் குலுக்கும்போது, கையை விடாமல் பிடித்துக்கொண்டு கேளுங்கள். "ஒய்பி, உங்க சொத்துக் கணக்கை எங்க பார்க்கலாம்? இந்தத் தேர்தலுக்குக் காசு போட்டது யாரு?" வேலை இருக்கிறது, பிறகு பேசலாம் என்று நழுவுவார். ஓட்டுப் போடாதீர்கள். தமிழராக இருந்தாலும் சரி, நம் கோயிலுக்கு மானியம் கொடுத்தவராக இருந்தாலும் சரி.